கிணற்றுக்கு வடக்கே ஏழு வருடம்

ஏழு வருடம் நான் தவறான நிலத்தைப் பார்வையிட்டிருக்கிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் கவனப்பிசகு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஏழு தடவை, வருடத்துக்கு ஒன்று வீதம், கையில் வரைபடமும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாகப் போய், இன்னொருவர் காட்டின் வரப்பில் நின்று, "வக்ஃபு சொத்து நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காம் வருடம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. மகிழ்ந்துபோய், அந்தச் சொத்தின் முத்தவல்லிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பலாம் என்று பரிந்துரைத்தேன். கடிதம் போனது. அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பள்ளிவாசலின் அலுவலக அறையில் மாட்டிவைத்தார்.

இதை எழுத வேண்டும் என்று நானாக உட்காரவில்லை. விருதுநகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வக்ஃபு ஆய்வாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டு, "உங்க சர்வீஸ்ல வெற்றிகரமா முடிச்ச ஒரு கேஸைப் பத்திப் பேசுங்க சார்" என்றார்கள். இரண்டு நாள் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒரு பெண் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். "எழுதிக் குடுத்தா அடுத்த பேட்ச்சுக்கும் ஆகும் சார்" என்றாள். என் அறிவீனம் பாடத்திட்டத்தில் சேர்ந்த கதை இதுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் தன் நிலத்தையோ கடையையோ இறைவனுக்கென்று எழுதிவைத்துவிட்டால் அது வக்ஃபு; எழுதிய பத்திரம் வக்ஃபு சாசனம். அதை விற்க முடியாது. வருகிற வருமானத்தை அவர் எழுதிய காரியத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். நிர்வகிப்பவர் முத்தவல்லி. அவர் ஒழுங்காக நிர்வகிக்கிறாரா என்று வருடம் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பவர் ஆய்வாளர். நான் ஆய்வாளர்.

எழுத்தராகச் சேர்ந்து ஆய்வாளராக உயர்ந்த இருபத்தெட்டு வருடத்தில் நான் முழுமையாகக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்று: போன வருட அறிக்கையைப் பார்த்து இந்த வருட அறிக்கையை எழுதுவது. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். தேதியை மட்டும் மாற்ற வேண்டும். சில வருடம் அதையும் மறந்திருக்கிறேன். மற்றபடி நிறையப் படிப்பேன். பேருந்தில், வீட்டில், மதிய உணவு வேளையில் எல்லாம் கையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அலுவலகத்தில் 'படிச்ச மனுசன்' என்று பெயர். படித்த பட்டியலில் வக்ஃபு சாசனம் மட்டும் கிடையாது. அது பழைய கையெழுத்தில் இருந்தது, கண்ணுக்கு வலி.

தாயில்பட்டிப் பக்கத்துச் சொத்து இரண்டு ஏக்கர் புஞ்சை, அந்தப் பக்கத்துப் பேச்சில் காடு. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதற்காக ஒருவர் எழுதிவைத்தது. முத்தவல்லி மைதீன் ராவுத்தர், சிவகாசியில் காகிதக் கடை வைத்திருந்து மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, பள்ளிவாசலே கதியென்று இருப்பவர். மூட்டு வலி. நான் முதல் வருடம் போனபோது தன் கையால் வரைந்த படம் ஒன்றைக் கொடுத்தார். நடுவில் ஒரு வட்டம், கிணறு. அதற்கு மேலே ஒரு கட்டம், நம் காடு. கட்டத்தின் இடப்பக்கம் இரட்டைக் கோடு, வண்டிப்பாதை.

"ஆளு யாரையாச்சும் கூட அனுப்பட்டுமா தம்பி?"

"வேண்டாம், படம் இருக்குல்ல. போதும்" என்றேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாதா?

கிணற்றடியில் நின்று, படத்தைப் பிடித்து, மேலே என்றால் வடக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி வடக்கே நடந்தேன். ஒரு காடு இருந்தது. அதற்கு இடப்பக்கம், அதாவது மேற்கே, வண்டிப்பாதை இருக்க வேண்டும். இல்லை. வேறு ஆளாக இருந்தால் படத்தைச் சந்தேகித்திருப்பான், அல்லது தன்னைச் சந்தேகித்திருப்பான். நான் பாதையைச் சந்தேகித்தேன். 'வண்டிப்பாதை காணப்படவில்லை, ஆக்கிரமிக்கப்பட்டிருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதினேன். அந்தக் காணாமல் போன பாதையைப் பற்றி மூன்று வருடம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

மூன்றாம் வருடம் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். சொத்துப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பட்டியலில் இருந்த புல எண்ணும் நான் நின்ற காட்டின் புல எண்ணும் ஒத்துப்போகவில்லை. உட்பிரிவில் ஒரு எண் வித்தியாசம். யாரோ ஒரு பழைய எழுத்தர் கவனமில்லாமல் எழுதியிருக்கிறார் பாவம் என்று, சரியாக இருந்த எண்ணைத் தவறாகத் திருத்தினேன். அதற்கு ஒரு குறிப்பும் எழுதினேன், 'நேரடிக் கள ஆய்வின் அடிப்படையில்' என்று.

செழித்து நின்ற அந்தக் காட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒரு மூட்டைகூட வரவில்லையே என்று கேட்கத் தோன்றவில்லையா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். கணக்குப் பார்ப்பது வேறு மேசை, நிலம் பார்ப்பது என் மேசை. இரண்டு மேசைக்கும் நடுவே நாலடி தூரம். நான் எழுந்து போனதில்லை.

ஹனிபா சார் கண்காணிப்பாளராக வந்தது என் கடைசி வருடத்துக்கு முந்தைய வருடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறிக்கையில் தவறு இருந்தால் சிவப்பு மையால் கிறுக்க மாட்டார், குறிப்பு எழுத மாட்டார். பென்சிலால் ஒரு வார்த்தையைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஏன் வட்டம் என்பதை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். தாயில்பட்டி அறிக்கையில் 'பார்வையிட்டேன்' என்ற வார்த்தைக்கு வட்டம் போட்டிருந்தார். கையெழுத்து பிடிக்கவில்லை போல என்று நினைத்து, முழுவதையும் இன்னும் அழகாக எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் அதே வார்த்தைக்கு வட்டம். மனிதருக்கு ரசனை இல்லை என்று முடிவு செய்தேன்.

அவர் வந்ததும் மாதம் இரண்டு சனிக்கிழமை ஊழியர்களுக்கு வகுப்பு வைத்தார். உரை எதுவும் கிடையாது. இரண்டு இரண்டு பேராகப் பிரிப்பார். ஒருவர் ஒரு பழைய சாசனத்தில் உள்ள நான்கு எல்லைகளைச் சத்தமாக வாசிக்க வேண்டும்; மற்றவர் அதைக் காதால் கேட்டே படம் வரைய வேண்டும். பிறகு நில அளவைத் துறையின் புலப்படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வெளியே கூட்டிப்போய், வண்டி நிறுத்துமிடத்தில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கச் சொல்வார். சொத்தில் முதலில் எங்கே நிற்பது என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது: சாசனத்திலும் இருக்க வேண்டும், தரையிலும் இருக்க வேண்டும், யாராலும் நகர்த்த முடியாததாகவும் இருக்க வேண்டும். கிணறு, பாறை, கண்மாய் நீர் வழியும் கலுங்கு. அங்கே நின்று திசை பார்த்து, பிறகுதான் காகிதத்தை விரிக்க வேண்டும். நாலு பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் பேசி அவர்கள் பெயரை எழுத வேண்டும். அறிக்கையின் முதல் வரி, 'நான் நின்ற இடம்' என்று தொடங்க வேண்டும்.

இருபத்தெட்டு வருட சர்வீஸ்காரனைச் சங்கிலி பிடிக்கச் சொல்வது எனக்கு அவமானமாக இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். படம் வரையச் சொன்னால், காது கொடுக்காமலே கட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை பேச்சியம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை, மிச்ச நேரத்தில் விவசாயம். கையில் மஞ்சள் பை, பைக்குள் பட்டா.

"பத்திர ஆபீசுல எங்க காட்டைப் பதிய மாட்டேங்காக சார். பள்ளிவாசல் காடுன்னு கம்ப்யூட்டர்ல வருதாம். எங்க மாமனாரு உழுத காடு அது. பள்ளிவாசல் காடு எங்களுக்குப் பக்கத்துக் காடு. அது எங்களுது இல்ல, இது அவுகளுது இல்ல. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன், உங்ககிட்ட கடிதாசி வாங்கியாரச் சொல்லிட்டாக."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அம்மா, ஆவணத்துல என்ன இருக்கோ அதுதான். நாங்க ஒண்ணும் மேசையில உட்கார்ந்து எழுதலை. வருஷா வருஷம் நேர்ல வந்து பார்த்துத்தான் எழுதுறோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடியாத்தீ! மோர் குடிச்ச சார்ல்ல நீங்க?"

அலுவலகத்தில் டைப் சத்தம் நின்றது.

"வரப்புல நின்னு குறிச்சிக்கிட்டுப் போவீகளே! வெவசாய ஆபீசரு, பயிர் இன்சூரன்சுக்கு எழுதுறாகன்னுல்ல நான் சொம்பு சொம்பா மோர் கொண்டாந்து குடுத்தேன்! ஒரு வருசமும் இன்சூரன்சு வரலியேன்னு கேக்கக்கூட நெனச்சேன். வெயில்ல வந்த மனுசர்ட்ட என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டேன்."

அந்த மோரைப் பற்றி நானும் எழுதியிருந்தேன். 'குத்தகைதாரர் மரியாதையுடன் நடந்துகொண்டார்.'

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கணவர் இறந்து நாலு வருடம். இருக்கிற வீட்டுக் கூரை போன மழையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தார்ப்பாய் போட்டுப் படுக்கிறார்கள். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருக்கிறது. ஆனால் இடம் அவர் பெயரில் இருக்க வேண்டும். மாமனார் பெயரில் இருக்கும் காட்டில் கொழுந்தனாருக்கும் பங்கு உண்டு.

"கொழுந்தனாரு ஆமத்தூர்ல இருக்காக. எழுதித் தாரேன்னு இப்பத்தான் வாயத் தொறந்திருக்காக. அவுக ஒரே பேச்சுல மூணு மாசம் நின்னதா சரித்திரமே கெடையாது சார். அதுக்குள்ள பதியணும்."

ஹனிபா சார் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து, பேச்சியம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்:

"நீங்க எங்க நின்னு பார்த்தீங்க பாய்?"

"சொத்துல நின்னுதான் சார்."

"அது முடிவு. நான் கேட்டது இடம்."

அந்த வாரமே போனோம். சிவகாசி வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. சங்கிலிப் பை என் மடியில். கிணற்றடியில் பேச்சியம்மாள் நின்றிருந்தார். மைதீன் ராவுத்தர் ஆட்டோவில் வந்து, ஊன்றுகோலோடு இறங்கினார். அவர் அந்தக் காட்டுப் பக்கம் வந்து பத்து வருடமாம்.

ஹனிபா சார் சாசனத்தின் நகலை என்னிடம் கொடுத்து, "வாசிங்க பாய்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாசித்தேன். "கிணற்றுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு..." நிறுத்தினேன். திரும்பவும் வாசித்தேன். அப்போதும் மேற்கு என்றே இருந்தது.

"எழுதினவர் தவறுதலா..." என்று ஆரம்பித்தேன். ஹனிபா சார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துல மேலல்ல இருக்கு?" என்று முத்தவல்லியிடம் படத்தை நீட்டினேன். "கிணத்துக்கு மேல. வடக்கே."

"மேல இருக்கறது மேக்குல்ல தம்பி!" ராவுத்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பள்ளிவாசல் சொத்துக்குப் படம் போடுறப்ப கிப்லாவை மேல வைக்காம, ஓரத்துலயா கொண்டுபோயி வைப்பாக? நாங்க எல்லாப் படமும் அப்படித்தான் போடுறது. அஞ்சு வேளையும் மேக்கப் பாத்துத் தொழுகிற ஆளு, உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்னு நான் சொல்லல."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பினார். காணாமல் போயிருந்த வண்டிப்பாதை நேராகத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்று வருடக் கடிதப் போக்குவரத்தின் மேல் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பாராட்டுக் கடிதம்? சொத்தை நல்லாப் பராமரிக்கிறீங்கன்னு எழுதியிருந்தோமே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"நான் வந்தே பாக்கலியே. நீங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதுனீக. படிச்ச ஆபீசரு சொல்றாரு, நல்லாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

கிணற்றுக்கு மேற்கே இருந்த உண்மையான வக்ஃபு நிலத்தில் பாதி கருவேலம் புதர். மீதியில், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியின் வெற்றுக் காகிதக் குழல்கள் ஆயிரக்கணக்கில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சீசன் நேரம். போர்மேன் ஓடிவந்தார். "புறம்போக்குன்னு நெனச்சோம் சார். நான் வந்து ஒம்பது வருசமாச்சு, ஒரு ஆபீசரும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தது கெடையாதே!" அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், நான் வருடாவருடம் மோர் குடித்த வரப்பு தெளிவாகத் தெரிந்தது.

பிறகு அளந்தோம். சங்கிலியின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை ஹனிபா சார். வண்டி நிறுத்துமிடத்தில் பழகாததால் எனக்குச் சங்கிலி மூன்று தடவை முறுக்கிக்கொண்டது. பேச்சியம்மாள் வந்து வாங்கி உதறிப் பிரித்துக் கொடுத்தார். நாலு மூலையும் சாசனத்தோடு ஒத்துப்போயின. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரின் பெயரையும் எழுதினோம். குழல்களை ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்வதாகப் போர்மேன் எழுதிக்கொடுத்தார்.

இனி பேச்சியம்மாளின் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி மேலே எழுத வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல். ஏன் தவறாக ஏறியது என்று காரணம் எழுத வேண்டும். ஓய்வுக்கு ஏழு மாதம். விசாரணை என்று வந்தால் ஓய்வூதியத் தாள்கள் மேசையிலேயே படுத்துவிடும். பக்கத்து மேசை நண்பர் வழி சொன்னார்: "தட்டச்சுப் பிழைன்னு எழுதிருங்க பாய். அப்ப டைப் அடிச்ச பையன் இப்ப துபாய்ல இருக்கான், கோவிச்சுக்க மாட்டான்."

ஹனிபா சாரிடம் இதை நாசூக்காகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எழுதலாம். பிழைன்னா மூலப் பட்டியலைக் கேட்பாங்க. அதுல சரியான எண் இருக்கும், பக்கத்துல உங்க கையெழுத்துல திருத்தம் இருக்கும். அப்புறம் அந்தத் திருத்தம் யார் சொல்லின்னு ஒரு விசாரணை. ஒரு வருஷம் ஆகும். அந்தம்மாவோட கொழுந்தனார் நிப்பாரா?" என்று கேட்டுவிட்டு, 'நான் நின்ற இடம்' என்று மட்டும் மேலே எழுதிய வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

முதல் வரைவில், 'பார்வையிடப்பட்டதாகக் கருதப்பட்ட நிலமானது பார்வையிடப்பட வேண்டிய நிலத்துக்கு அண்மையில் அமைந்திருந்தமை பின்னர் அறியவருகிறது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே யார் எங்கே நின்றார் என்று புரியவில்லை. இரண்டாம் வரைவில் வரைபட மரபுகளின் வரலாற்றை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதன் எல்லாப் பத்திகளையும் சுற்றி ஒரே ஒரு பெரிய பென்சில் வட்டம் வந்தது. மூன்றாவது தடவை எழுதினேன்: 'நான் நின்ற இடம், கடந்த ஏழு ஆண்டுகளாக, பேச்சியம்மாள் குடும்பத்தின் நிலம். சாசனத்தை நான் வாசிக்கவில்லை. பட்டியலைத் திருத்தியதும் நானே.' அதில் வட்டம் எதுவும் விழவில்லை.

கோப்பு மேலே போனது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. மூன்றே வரி. நான் நாலு பக்கத்தில் பதில் எழுதினேன், தவறை ஒப்புக்கொள்வதென்று ஆனபிறகு முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டாமா? அந்தப் பதிலில் நான் குறிப்பிட்டிருந்த இரண்டு விஷயங்களைப் பற்றி மேலிருந்து மேலும் விளக்கம் கேட்டார்கள். ஆறு பக்கம் எழுதினேன். அதற்கும் ஒரு கேள்வி வந்தது. ஹனிபா சார் ஒரு நாள், "சுருக்கமா எழுதுங்க பாய்" என்றார். சுருக்கினால் நேர்மை குறைந்துவிடும் என்று விளக்கினேன். அவர் பென்சிலைச் சீவப் போய்விட்டார்.

இடையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விருதுநகரில் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பெய்யும்போதெல்லாம் தாயில்பட்டியில் ஒரு தார்ப்பாய் என்ன பாடுபடுகிறதோ என்று நினைப்பு வரும். புத்தகத்தில் ஒரு பக்கம் நகராது. பேச்சியம்மாள் மாதம் ஒரு தடவை, கம்பெனி விடுமுறை நாளில் வருவார். "வந்துருச்சா சார்?" என்பார். "போய்க்கிட்டே இருக்கும்மா" என்பேன். "கொழுந்தனாரு இன்னும் நிக்காக. எப்படின்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று மாதக்காரர் ஐந்தாவது மாதமும் பேச்சு மாறாமல் நின்றார். அவரை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. தொழுகை முடிந்து நான் கேட்கும் துஆவில் என் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக அவர்தான் இருந்தார்.

கடைசிக் கேள்விக்கு நான் பதிலை முடிக்குமுன்பே ஓய்வு நாள் வந்தது; பிறகு எச்சரிக்கையோடு என்னை விட்டார்கள். ஓய்வூதியம் நாலு மாதம் தள்ளிப் போனது. பிரிவு விழாவில் ஹனிபா சார் என்னைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசினார். இரண்டும் உண்மை என்பதால் இங்கே எழுதவில்லை. அந்த நிலத்தை முறைப்படி ஏலத்தில் குத்தகைக்கு விட்டு, அடுத்த நோன்பில் அதன் வருமானத்தில் கஞ்சி காய்ச்சினார்கள் என்று ராவுத்தர் போனில் சொன்னார்.

போன மாதம் பேச்சியம்மாள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். காட்டின் ஓரத்தில், சாலையைப் பார்த்து, நீல வண்ணம் அடித்த சின்னக் கான்கிரீட் வீடு. ஆமத்தூர்க் கொழுந்தனார் வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் என்னைக் கூட்டிப்போய் நாற்காலி போட்டு, காத்தாடியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

நான் அடக்கமாக ஆரம்பித்தேன். "அந்த அறிக்கையில உண்மையை எழுதுறதுக்கு எனக்கும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. இப்ப இந்த வீட்டைப் பார்க்கிறப்ப..."

"அதை ஏன் கேக்குறீக சார்" என்றார் பேச்சியம்மாள், கொழுந்தனாருக்கும் கேட்கிற மாதிரி. "அம்புட்டு மாசம் நடையா நடந்தேன். நீங்க ரிட்டையர் ஆனீக. உங்க எடத்துக்கு வந்த புள்ள, மேல கேட்ட கேள்விக்கு ஒரே வரியில பதில் எழுதிருச்சாம். மறுமாசமே ஆர்டர் வந்துருச்சு. நீங்க கொஞ்சம் முன்னாடியே ரிட்டையர் ஆயிருக்கலாம் சார்."